கல்லைத் தொட்டவை

எங்கள் ஆய்வகத்தின் பழைய பதிவேடுகளை அட்டைப்பெட்டியில் கட்டி வைக்கும்போது, அதில் ஒன்றின் முதல் பக்கத்தில் காய்ந்த அரக்குத் துண்டு ஒன்று செல்லோடேப் போட்டு ஒட்டியிருப்பதைப் புதிதாக வேலைக்கு வந்த பெண் பார்த்திருக்கிறாள். அதன் கீழே என் கையெழுத்தில் "இது தண்ணீர் அல்ல" என்று எழுதியிருக்கிறது. எனக்குப் போன் போட்டு, "ஏனுங்க ஸ்டெல்லா மேடம், அரக்கப் போயி யாராச்சும் தண்ணின்னு நெனைப்பாங்களா?" என்று சிரித்தாள். நினைத்தோம். கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின் நிலவியல் துறையில், படித்தவர்கள் இரண்டு பேரும் பத்தாவது தாண்டாத நானும் சேர்ந்து எட்டு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. பதிவேடு எழுதித்தான் எனக்குப் பழக்கம், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. இருந்தாலும் அவளுக்காக எழுதுகிறேன்.

நான் வெள்ளகோவில் பக்கம் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் காட்டு வேலைக்குப் போனவர்கள். அந்த மண்ணில் கிணறு வெட்டினால் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, சில இடங்களில் பளபளக்கும் கல் வரும். அந்தக் கற்களுக்குப் பட்டை தீட்டும் பட்டறை ஒன்றில் பதினாறு வயதில் சேர்ந்தேன். கல்லைச் சூடாக்கி, அரக்குத் தொட்டு, குச்சி முனையில் ஒட்டிச் சுழலும் தட்டில் பிடிக்க வேண்டும். அரக்கு எந்தச் சூட்டில் இளகும், எந்தச் சூட்டில் கருகும் என்பதை என் மூக்கே சொல்லிவிடும். பட்டறைக்குக் கல் பார்க்க வந்த பேராசிரியர் வேங்கடசாமி என் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க டிபார்ட்மெண்ட்டுல செக்‌ஷன் வெட்டறதுக்கு ஆள் எடுக்கறாங்க, ஒரு மனுப் போட்டு வைங்க" என்றார். போட்டேன், கிடைத்தது. கல்யாணமாகிக் கணபதியில் குடியேறினோம். முதல் வருஷம் கண்ணாடி உடைத்தேன், இரண்டாம் வருஷம் கல் உடைத்தேன், மூன்றாம் வருஷத்திலிருந்து என்னைக் கேட்காமல் துறையில் யாரும் கல்லில் கை வைப்பதில்லை என்றானது. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

செக்‌ஷன் என்றால் வேறொன்றுமில்லை. பாறையிலிருந்து ஒரு சில்லை அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பது. கருங்கல்லும் அப்போது வண்ணக் கண்ணாடி ஜன்னல் போல ஆகிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து அந்தப் பாறை எங்கே, எப்படி உருவானது என்று படித்தவர்கள் சொல்வார்கள்.

பேராசிரியர் வேங்கடசாமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வெளியே எங்களைவிட நல்ல கோயமுத்தூர்த் தமிழ் பேசுவார். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. அதற்குப் பதிலாக ஒரு கேள்வி வைத்திருந்தார். யார் எதைச் சொன்னாலும் கண்ணை மூடிக்கொள்வார். "தெரியுமுங்களா, தோணுதுங்களா?" என்பார். இந்தக் கல்லில் இரும்பு அதிகம் சார் என்றால், தெரியுமுங்களா, தோணுதுங்களா? மழை வரும் சார் என்றாலும் அதே கேள்விதான். பியூன் கூடப் பதில் சொல்லாமல் தப்ப முடியாது. தோன்றுகிறது என்றால் கோபப்பட மாட்டார். தோன்றுவதைத் தெரியும் என்று சொல்லி மாட்டிக்கொண்டால்தான் கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பார். அதற்குத் திட்டு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும்.

பதிவேடும் அவர் ஏற்பாடுதான். ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு வரி. எங்கே எடுத்தது, யார் அறுத்தது, எவ்வளவு கனம். கடைசியில் அகலமான ஒரு பத்தி, அதன் தலைப்பு "கல்லைத் தொட்டவை". கல் துறைக்குள் வந்ததிலிருந்து எது எது அதன்மேல் பட்டதோ அதையெல்லாம் அதில் எழுத வேண்டும். வாரக் கடைசியில் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்துப் போடுவார். நான் ஒழுங்காக எழுதுவேன்: ரம்பம், தேய்க்கிற கார்பரண்டம் பொடி, தண்ணீர், பசை, ஸ்பிரிட். அதில் "பசை" என்று எழுதினேனே, அதுதான் வினை.

தொண்ணூறுகளின் நடுவில் மணிகண்டன் என்ற பையன் பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தான். அவனும் வெள்ளகோவில்காரன்தான், விவசாயக் குடும்பம். ஊர்ப் பாசத்தில் முதல் நாளே என்னை அக்கா என்றான். அவன் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பூமிக்கு அடியில், நாம் குடியிருக்கும் மேலோட்டுக்கும் கீழே, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பது. எங்கள் ஊரில் எண்ணூறு அடிக்குப் போர் போட்டுப் புழுதி பறக்கிற காலம் அது.

பேராசிரியர் எனக்கும் புரியும்படிச் சொன்னார். அங்கே இருப்பது குளமோ ஆறோ இல்லை. கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் தரை மெல்ல நகர்ந்து, சில இடங்களில் கண்டங்களுக்குக் கீழே சரிந்து உள்ளே போகிறது. போகும்போது ஈரத்தையும் கொண்டுபோகிறது. அதில் ஒரு பகுதி அழுத்தம் தாங்காமல் பிரிந்து மேலே ஏறி, பாறையை உருக்கி, எரிமலை வழியாக வந்துவிடும். மிச்சம் இன்னும் கீழே போகும். அங்கே தண்ணீர் தண்ணீராக இருக்காது. கல்லின் படிகத்துக்குள் அதன் அணுக்கள் ஒன்றிரண்டாகப் போய்க் கட்டுண்டு கிடக்கும். ஒரு கல்லில் இருப்பது துளிக்கும் துளி. ஆனால் அந்த ஆழத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதால் எல்லாம் சேர்ந்தால் ஒரு கடல் அளவு இருக்கலாம் என்று சிலர் அப்போதே சொல்லிக்கொண்டிருந்தார்கள். "அவ்வளவு துளியுண்டு இருந்தாலுமே கல்லு இளகிக் கொடுக்குமுங்க. கண்டம் நகர்றதுக்கே அதுதான் ஒத்தாசைன்னு வெச்சுக்கங்களேன்" என்றார். தெரியுமுங்களா, தோணுதுங்களா என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டு, "தோணுதுங்க. அதுக்குத்தான் மணிகண்டன்" என்றார்.

அவ்வளவு ஆழத்துக்கு யாரும் போக முடியாது. ஆனால் அங்கேயிருந்து எப்போதோ மேலே தள்ளப்பட்ட பாறை சில இடங்களில் கிடைக்கும். சேலம் பக்கம் வெள்ளைக்கல் வெட்டும் சுரங்கங்களில், அந்த வெள்ளைக்கல்லுக்கு நடுவே பச்சையும் பழுப்புமாக ஒரு பாறை உண்டு. அதில் ஒலிவின் என்ற பச்சைக் கனிமம் இருக்கும். மணிகண்டன் மாதம் ஒரு தடவை போய் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலில் வந்து போத்தனூரில் இறங்குவான். பாதி மூட்டை ஏற்கெனவே மக்கிப்போன கல்லாக இருக்கும். மிச்சத்தில் நல்ல ஒலிவின் பரல்களாகப் பொறுக்கி, இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய சன்னத் தகடாக நான் ஆக்கித் தர வேண்டும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், தண்ணீர் கட்டுண்டு இருக்கிற இடத்தில் அது ஒளியைக் குடித்துவிடும். கருவி காகிதத்தில் வரையும் கோடு அந்த இடத்தில் மேடாக எழும்பும்.

தகடு தேய்ப்பதற்கு முதலில் பரலைக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். வெளிநாட்டுப் பசை டப்பா தீர்ந்துபோய், புது டப்பாவுக்கு எழுதிப் போட்ட கடிதம் அலுவலகத்தில் மேஜை மேஜையாகத் தூங்கிக்கொண்டிருந்தது. மணிகண்டன் கையைப் பிசைந்தான். நான் கணபதியில் ஒரு கடையில் அரக்கு வாங்கி வந்தேன். பட்டறையில் எத்தனை ஆயிரம் கல் ஒட்டியிருக்கிறேன். பரலை ஹாட் பிளேட்டில் சூடு காட்டி, அரக்கை இளக்கி ஒட்டினால் ஓரம் பெயராது, வெளிநாட்டுப் பசையைவிட நன்றாகப் பிடிக்கும். தேய்த்து முடித்ததும் ஸ்பிரிட்டில் போட்டால் அரக்குக் கரைந்துவிடும், தகடு கண்ணாடி போல வரும். நாற்பத்திரண்டு தகடு, ஒன்று கூட உடையவில்லை. பதிவேட்டில் எப்போதும் போலப் பசை என்று எழுதினேன். அரக்கு என்று எழுதினால் படித்தவர்கள் மத்தியில் நாட்டு வைத்தியம் மாதிரி இருக்குமோ என்று ஒரு கூச்சம். என் சாமர்த்தியம் எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று ஓர் அற்ப கர்வமும்தான்.

அகச்சிவப்புக் கருவி எங்களிடம் இல்லை. ஊருக்குள்ளே துணிகளைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் இருந்தது. துணியில் பாலியெஸ்டர் எவ்வளவு, நூலில் என்ன ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக வைத்திருந்தார்கள். பேராசிரியர் பேசி வாரம் ஒரு மணி நேரம் வாங்கித் தந்தார். நேரம் குறைவு என்பதால், தண்ணீருக்கான மேடு வரும் பகுதியை மட்டும் வரைந்து வாங்கி வருவான் மணிகண்டன். எல்லாத் தகட்டிலும் மேடு வந்தது. சின்ன மேடு இல்லை, மருதமலை மாதிரி மேடு. வேறெங்கும் இவ்வளவு சொல்லப்படவில்லை என்றான். பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டு அவர் கேள்வியைக் கேட்டார். "தெரியுமுங்க சார், நாப்பத்திரண்டுலயும் இருக்குதுங்களே" என்றான்.  ஆய்வேடு எழுத ஆரம்பித்தான். ஜூனுக்குள் சமர்ப்பித்துவிட்டால் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் அவன் அப்பா ஒருநாள் துறைக்கு வந்தார். கிணறு வற்றி, போரும் பொய்த்து, தென்னை காய்ந்துகொண்டிருந்த மனுஷர். என் மேஜையில் இருந்த தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பையன் சொல்றானுங்க, இந்தக் கல்லுக்குள்ளாற தண்ணி இருக்குதுன்னு. நெசந்தானுங்களா?"

"நெசந்தானுங்க. நெறைய இருக்குதுங்க."

"எத்தன அடியிலீங்க?"

"அடியில சொல்ல முடியாதுங்க. பல நூறு மைலுங்க."

அவர் தகட்டை மெதுவாகத் திரும்ப வைத்தார். "நம்முளுக்கு ஆகாதுங்க. ஆனாலும் இருக்குதுன்னு கேக்கறதுக்கே நல்லா இருக்குதுங்க" என்றார். அந்த முகம் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

ஏப்ரலில் மணிகண்டனுக்குக் காய்ச்சல். கோடு சரியாக விழாததால் மறுபடி ஓட்ட வேண்டியிருந்த இரண்டு தகட்டை எடுத்துக்கொண்டு நானே சோதனைக் கூடத்துக்குப் போனேன். கருவியை இயக்குகிறவர் சரோஜா என்ற பெண்மணி, என் வயதுதான் இருக்கும். எங்களுக்குத் தேவையான பகுதி மட்டும் போதும் என்றேன். "இன்னைக்குக் கூட்டமில்லீங்க, முழுசாவே போட்டுத் தாரேன்" என்று இடமிருந்து வலம் முழுவதும் ஓட்டினார். மருதமலை எழும்பியது. அதைத் தாண்டிப் பேனா இறங்கிப் போய், பக்கத்திலேயே இரண்டு கூரான பல் வரைந்தது. சரோஜா குனிந்து பார்த்தார்.

"இதென்னுங்க, எங்க நூலு மாதிரி இருக்குது?"

"எப்படிங்க?"

"நூலுக்குக் கஞ்சி போடறப்ப மெழுகு சேப்பாங்களே, அதுக்கு இதே எடத்துல இதே மாதிரி ரெட்டப் பல்லு வருமுங்க. மெழுகு, எண்ணெ, பிசினு, எல்லாத்துக்கும் வரும். வெறுங் கல்லுக்கு எப்படிங்க வருது? இதுமேல என்ன தடவுனீங்க?"

 அரக்கு ஒரு பிசின் என்பது எனக்குத் தெரியாதா? பரலைச் சூடாக்கும்போது அதன் மயிரிழை வெடிப்புகள் இளகிய அரக்கை உள்ளே உறிஞ்சும் என்பதைப் பட்டறையில் கண்ணால் பார்த்ததில்லையா? ஸ்பிரிட் மேற்பரப்பைக் கழுவும், வெடிப்புக்குள் எப்படிப் போகும்? எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒண்ணுமில்லீங்க. சாதாப் பசைதானுங்க."

காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கணபதியில் இறங்க வேண்டியவள் இரண்டு நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன். மேடு வரைந்த துண்டை மட்டும் கொடுத்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. பையன் ஜூனில் சமர்ப்பிப்பான், வேலைக்குப் போவான், அவன் அப்பா ஊரில் நாலு பேரிடம் சொல்லிச் சந்தோஷப்படுவார். பல்லு வரைந்த பகுதியைக் கத்திரியால் வெட்டிப்போட ஒரு நிமிஷம் போதும். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்: வீட்டுக்குப் போனதும் கத்திரியைக் கையில் எடுத்தேன். பிறகு எதற்கு வைத்தேன் என்றால், நாளைக்கு வேறு யாராவது, வேறு ஊரில், அதே கல்லைப் பார்த்து "கோயமுத்தூர்க்காரர்கள் கோந்தை அளந்திருக்கிறார்கள்" என்று எழுதினால், கேவலம் என் பேருக்கு வராது. என் பேர் எங்கேயும் அச்சில் இல்லை. மணிகண்டன் பேருக்குத்தான் வரும், அதுவும் ஆயுசுக்கும்.

மறுநாள் காலையில் பேராசிரியர் அறையில் முழுக் காகிதத்தையும் விரித்து வைத்தேன்.

"சார், இந்த மேடு தண்ணி இல்லீங்கன்னு எனக்குத் தோணுதுங்க. அரக்குங்க. நான்தான் போட்டேன்."

கண்ணை மூடினார். "தெரியுமுங்களா, தோணுதுங்களா?"

"தோணுதுங்க."

"அப்படின்னா தெரிஞ்சுக்கற வழியச் சொல்லுங்க."

திட்டவில்லை. அலமாரியிலிருந்து பதிவேட்டை எடுத்தார். எட்டு மாதப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பசை, பசை, பசை. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் இருந்த தன் கையெழுத்தின் மேல் விரல் வைத்து நிறுத்தினார். "நானும் எல்லாத்துலயும் போட்டிருக்கறனுங்க. எந்தப் பசைன்னு ஒரு தடவயாச்சும் கேட்டிருக்கோணும்" என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வழியைச் சொன்னேன்.

அன்றைக்கே சரோஜாவிடம் போனேன். "நேத்து உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்க" என்றேன். "தெரியுமுங்க. துணிக்காரங்களும் மொதல்ல அதேதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு சொட்டை மட்டும் அகச்சிவப்பு ஒளி தடையில்லாமல் போகிற உப்புத் தகட்டில் காயவைத்து ஓட்டினோம். அதே மருதமலை, அதே ரெட்டைப் பல். தண்ணீரில் ஒளியைக் குடிக்கிற அதே அணுக்கட்டு அரக்கிலும் உண்டு என்று பேராசிரியர் பிறகு சொன்னார். அடுத்தது டீத்தூள் பாக்கெட்டின் அலுமினியத் தாளில் ஊசித் துளை போட்டு, ஒரு ஒலிவின் தகட்டின் மேல் வைத்தோம். துளையை வெடிப்பின் மேல் வைத்தால் மலை. வெடிப்பில்லாத மூலையில் வைத்தால் மலை காணோம். ஆனால் அந்த இடத்தில், உற்றுப் பார்த்தால், முடி போல இரண்டு சின்ன முள். கருவியின் நடுக்கமாகவும் இருக்கலாம், நிஜமாகவும் இருக்கலாம். அந்த இரண்டு முள்ளைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வந்து புதுப் பதிவேடு ஒன்றைப் பிரித்து, முதல் பக்கத்தில் அரக்குத் துண்டை ஒட்டினேன். அந்தப் பெண் போனில் கேட்டாளே, அதுதான் இது.

மணிகண்டன் காய்ச்சல் தெளிந்து வந்ததும் நானேதான் சொன்னேன். பேராசிரியர் தானே சொல்வதாகச் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். அவன் காகிதங்களைப் பார்த்தான். தட்டச்சுக்குப் போய் வந்திருந்த அத்தியாயங்களைப் பார்த்தான்.

"நாலு வருஷமுங்க" என்றான். காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, "நாலு வருஷமுங்க, மேடம்" என்றான்.

அந்த மேடம்தான் சுட்டது. அக்கா என்று சொல்லித் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். மறுபடி செய்யலாம், பசையே படாமல் நாற்பத்திரண்டையும் நான் செய்து தருகிறேன் என்றேன். ஒட்டாமல் எப்படித் தேய்ப்பது என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். இவ்வளவு சின்னப் பரலை ஒட்டாமல் பிடித்தால் தட்டு அதைப் பிடுங்கி எறிந்துவிடும். எங்கள் தெருவில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர் ஆறுமுகம். அவர் வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார் பம்பின் பேரிங் ஒன்று கிடந்தது. அதில் குண்டுகளை ஒட்டியா வைத்திருக்கிறார்கள்? ஓட்டை போட்ட ஒரு வளையம் ஒவ்வொரு குண்டையும் அதனதன் இடத்தில் நிறுத்துகிறது, குண்டு இரண்டு பக்கமும் உராய்ந்தபடி உருள்கிறது. ஆறுமுகத்திடம் போய், பித்தளையில் இப்படி ஒரு தகடு, நகக் கனத்துக்கும் குறைவாக, நடுவில் ஓட்டையோடு வேண்டும் என்றேன்.

"இத்தன சன்னமா லேத்துல புடிக்க முடியாதுங்க அம்மணி. ஷிம்மு இருக்குதுங்களே, அதுல ஓட்டை போட்டுக்கங்க" என்றார். மெஷின்களில் இடைவெளி நிரப்ப வைக்கும் சன்னப் பித்தளைத் தாள் அது, விதவிதமான கனத்தில் வரும். ஒரு கத்தை கொடுத்தார்.

அப்புறம் வேலைதான். கீழே ஒரு கண்ணாடி, அதன்மேல் பொடியும் தண்ணீரும், அதன்மேல் ஓட்டை போட்ட ஷிம், ஓட்டைக்குள் பரல், மேலே இன்னொரு கண்ணாடி. கையால் எட்டுப் போட்ட மாதிரி நகர்த்த வேண்டும். மிஷின் வேகத்துக்கு இது எங்கே வரும்? பரல் ஷிம்மின் கனத்துக்கு இறங்கியதும் பொடி பித்தளையைத் தொடும், சத்தம் மாறும். அப்போது நிறுத்தி அதைவிடச் சன்னமான ஷிம்முக்கு மாற்ற வேண்டும். கடைசியில் மெருகு. பிறகு ஓவனில் ஒரு நாள் வைப்போம். வெடிப்பில் நுழைந்த குழாய்த் தண்ணீர் அந்தச் சூட்டில் ஆவியாகிவிடும். கல்லுக்குள் கட்டுண்ட தண்ணீர் அந்தச் சூட்டுக்கெல்லாம் அசையாது. முதல் தகட்டுக்கு நாலு நாள் ஆனது. இரண்டாவது, மூன்றாவது, நாலாவது உடைந்தன. ஐந்தாவதை உடைத்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து ஆறாவதை எடுத்தேன்.

ஆறாவது பாதியில் இருக்கும்போது மணிகண்டன் வந்து எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தான். இன்னொரு ஜோடிக் கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்க ஆரம்பித்தான்.  பொடி வேண்டுமென்றால் "பொடி, மேடம்" என்பான், அவ்வளவுதான். ஜூன் வந்தது, போனது. அந்த வேலைக்கு வேறொருவரை எடுத்துவிட்டார்கள் என்ற கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கும் மாலைவரை தேய்த்தான். வேறொருவனாக இருந்தால் விட்டுவிட்டுப் போயிருப்பான். நானும் விட்டிருப்பேனோ என்னவோ, அவன் எதிரே உட்கார்ந்திருந்ததால் என்னால் முடியவில்லை. எழுபதுக்கும் மேல் உடைத்து, அடுத்த ஏப்ரலில் இருபத்துமூன்று முழுத் தகடு எங்கள் கையில் இருந்தது.

சரோஜா ஒவ்வொன்றையும் முழுசாக ஓட்டினார். ரெட்டைப் பல் எதிலும் இல்லை. மருதமலையும் இல்லை. பதினான்கு தகட்டில் ஒன்றுமே இல்லை, கோடு தரையில் கிடந்தது. மிச்சம் ஒன்பதில், ஒரே இடத்தில், அந்த இரண்டு முள். முதலில் சொன்னதில் பத்தில் ஒரு பங்கு கூடத் தேறாது. சரோஜா பேனாவை மூடிவிட்டு, "இது எங்க நூலு இல்லீங்க" என்றார்.

ஆய்வேட்டைத் திரும்ப எழுதினான். அரக்கு தண்ணீர் போல நடித்த கதைக்குத் தனி அத்தியாயம் வைத்தான். வாய்மொழித் தேர்வு எல்லோரும் வந்து உட்காரலாம் என்பதால் நானும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் அவன் அப்பா வந்து உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த அத்தியாயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவை பசையைத் தண்ணீர்னு சொல்லியிருக்கீங்க. இந்த ரெண்டு முள்ளும் வேற ஏதோ அழுக்கு இல்லைன்னு எப்படி நம்பறது?"

மணிகண்டன் நன்றாகப் பதில் சொன்னான். தகட்டைத் திருப்பி வைத்து அளந்தால் முள் வளர்வதையும் குறைவதையும் காட்டினான். படிகத்துக்குள் வரிசையாகக் கட்டுண்டது அப்படித்தான் நடந்துகொள்ளும், வெடிப்பில் ஒட்டிய அழுக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் என்றான்.

"அது அளவு எடுத்த இடத்தில. தகடு செய்த இடத்தில என்னென்ன பட்டதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மணிகண்டன் கடைசி வரிசையைப் பார்த்தான்.

"அது எங்க அக்காவுக்குத் தெரியுமுங்க சார்."

எழுந்தேன். பதிவேட்டைப் பிரித்தேன். ஒன்பது தகட்டுக்கும் ஒரே வரிசைதான், முதலாவதை மட்டும் வாசித்தேன். "ரம்பம். கண்ணாடி ரெண்டு. பித்தளை ஷிம் நாலு. கார்பரண்டம் பொடி. மெருகுப் பொடி. குழாய்த் தண்ணி. ஓவன், ஒரு நாள். ஸ்டெல்லா விரல். மணிகண்டன் விரல்."

"அவ்வளவுதானா?" என்றார் தேர்வாளர்.

"அவ்வளவுதானுங்க."

முன் வரிசையில் பேராசிரியர் கண்ணை மூடியிருந்தார். கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கண்ணைத் திறந்து தேர்வாளரைப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார்கள்.

உட்கார்ந்ததும் மணிகண்டனின் அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "அப்படின்னா தண்ணி இருக்குதுங்களா, அம்மணி?"

"அன்னைக்கு நான் சொன்ன அளவுக்கு இல்லீங்க. ரொம்பக் கொஞ்சமுங்க" என்றேன். "ஆனா இருக்குதுங்க. தெரியுமுங்க."